உடம்பைப் பார்க்காமல் கோட்டு தைப்பது எப்படி?

சட்டை உங்களுக்குக் கைவந்துவிட்டது. காலரின் இரண்டு முனையும் பெரும்பாலும் ஒரே நீளத்தில் முடிகின்றன. இனி மேல்படிப்பு: கோட்டு, வெயிஸ்ட்கோட்டு, ரிசப்ஷன் சூட். அதற்குக் கரையான்சாவடியைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரு பக்கம் பூந்தமல்லி வரைக்கும் கல்யாண மண்டபங்கள். இன்னொரு பக்கம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நாளை காலைக்குள் பிளேசர் கேட்டு அலையும் பொறியியல் பிள்ளைகள். இரு தரப்புக்கும் அவசரம். அவசரக்காரர்களை வைத்துத்தான் இந்தத் தொழிலைப் பழக வேண்டும். நிதானமானவர்கள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்ப்பார்கள்.

கீழே உள்ளபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள், அதனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

1. பேண்டைத் தாண்டிக் குதியுங்கள்

பழைய கடைகளில் பையன் முதலில் காஜா எடுப்பான், பட்டன் கட்டுவான். பிறகு ஹெம்மிங். பிறகு பைஜாமா, சட்டை, பேண்ட். கோட்டில் கை வைக்க மாஸ்டர் விடுவதற்குள் அவனுக்கு மீசை முளைத்திருக்கும். உங்களுக்குத்தான் ஏற்கெனவே முளைத்துவிட்டதே, காத்திருப்பானேன்?

பேண்டில் அப்படி என்ன இருக்கிறது? பின்பாகத்தின் சாய்வு, ஜிப் மடிப்பு, பின் பாக்கெட். அந்தப் பின் பாக்கெட் கொஞ்சம் வம்பு பிடித்தது. நல்ல துணியின் நடுவில் கத்தரி வைத்து வாய் திறக்க வேண்டும். மூலையில் ஒரு நூல் கூடுதலாக வெட்டினால் ஓட்டை, ஒரு நூல் குறைந்தால் சுருக்கம். கோட்டின் உள் பாக்கெட்டுக்கும் இதே வேலைதான். இதை 1.20 மீட்டர் பேண்ட் பீஸில் பழகி வீணாக்காதீர்கள். நேராக மூன்றேகால் மீட்டர் சூட் துணியில், அதுவும் மாப்பிள்ளையின் துணியில் பழகுங்கள்.

2. முதலில் மிஷின், பிறகு தொழில்

ஜூக்கி டிடிஎல்-8700 வாங்குங்கள். நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடும். கால்மிதி உஷாவில் ஒரு கோணல் தையலை முடிக்கப் பொழுது போய்விடும், நடுவில் புத்தி வந்து நிறுத்திவிடுவீர்கள். இதில் அந்த ஆபத்து கிடையாது.

ஊசியை மாற்ற வேண்டாம். லைனிங்குக்கு 11, சூட் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16 என்று நம்பர் பார்த்து மாற்றுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. நல்ல கோட்டில் மிஷினின் பங்கு சிறியது, பெரும்பங்கு கை ஊசிக்கும் அயர்னுக்கும் என்று யாராவது சொன்னால், மிஷின் வாங்கிய பில்லைக் காட்டி வாயடைத்துவிடுங்கள்.

3. அக்கம்பக்கத்தில் யாரையும் கேட்காதீர்கள்

இந்தப் பகுதியில் இது சிரமம், எச்சரிக்கையாக இருங்கள். தெரிந்தவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். ஆவடியில் 1961-இல் தொடங்கிய ராணுவ உடைத் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ராணுவத்துக்குச் சீருடை தைத்தே ஓய்வு பெற்ற பெரியவர் யாராவது டீக்கடையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். பேச்சு கொடுத்தால் தோளை எப்படி ஏற்றுவது என்று சொல்லிக்கொடுத்துவிடுவார். டீயைக் குடித்ததும் எழுந்துவிடுங்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை இன்னும் மோசம். 1964-இல் தொடங்கிய பேட்டை அது. எக்ஸ்போர்ட் கம்பெனி வேனிலிருந்து மாலையில் இறங்குகிற அக்காக்களைப் பாருங்கள். லைனில் ஒருவர் நாள் முழுக்கக் காலர் மட்டும் ஏற்றுவார், இன்னொருவர் கை மட்டும் பொருத்துவார். டார்கெட் ஓடிக்கொண்டே இருக்கும். வளைவையும் நேரையும் சேர்த்துத் தைக்கும்போது எந்தத் துணியைக் கீழே வைத்தால் மிஷின் பல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். காகிதத்தில் எழுதாத பாடம் அது. ‘முழு உருப்படி தைக்கத் தெரியாதவர்கள்’ என்று ஒதுக்கிவிட்டுப் போங்கள். உங்களுக்குத்தான் முழு உருப்படியும் தெரியுமே, எல்லாம் அரைகுறையாக.

ஐ.டி.ஐ.யில் ஓராண்டுத் தையல் பிரிவு இருக்கிறது. தரமணியில் நிஃப்ட் இருக்கிறது, 1995-லிருந்து. இரண்டிலும் தைத்ததை வாத்தியார் திருப்பிப் பார்ப்பார். செல்போனில் வீடியோ பாருங்கள். இரண்டு மடங்கு வேகத்தில், சத்தம் இல்லாமல். வீடியோக்காரர் உங்கள் கோட்டைத் திருப்பிப் பார்த்ததாகச் சரித்திரமே இல்லை.

4. புத்தகத்தின் உடம்புக்கு வெட்டுங்கள்

இங்கிலாந்துப் புத்தகம் ஒன்று வாங்கி வையுங்கள். துணி மீட்டரில் வரும், நம் டேப் இஞ்சில் பேசும், புத்தகம் சென்டிமீட்டரில் பேசும். மூன்றையும் மனக்கணக்கில் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கால் இஞ்ச் ஒளிந்துகொள்ளும். அதை ‘ஃபிட்’ என்று சொல்லலாம்.

மார்பளவைக் கொண்டே தோள், முதுகு, கைக்குழி ஆழம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எடுக்கும் முறை அதில் இருக்கும். 40 மார்பென்றால் இவ்வளவு தோள் என்று வரும். அவ்வளவையும் நம்புங்கள். 40 மார்புள்ள எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்தாம், ஒருவர் ஜிம்முக்குப் போகிறவர், இன்னொருவர் பைக்கில் சிலிண்டர் போடுகிறவர் என்றாலும்.

5. அளவெடுங்கள், ஆளைப் பார்க்காதீர்கள்

டேப்பைப் பாருங்கள், நோட்டைப் பாருங்கள், நடுவில் நிற்கிற மனிதரை மட்டும் பார்க்காதீர்கள். கீழ்க்கண்டவை கண்ணில் பட்டால் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்:

வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருப்பது. கவனித்துவிட்டால் இரண்டு தோளையும் வேறு வேறாக வெட்ட வேண்டி வரும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முன்னோக்கிக் கூனிய முதுகு. கூனலுக்குப் பின்பக்கம் நீளம் கூட வேண்டும், முன்பக்கம் குறைய வேண்டும். கவனிக்காமல் விட்டால் காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கும், உள்ளே ஒரு கை நுழையும். காற்றோட்டம் என்று சொல்லுங்கள்.

தொப்பை. இதற்கு முன்பக்கம் நீளம் கூட வேண்டும். இல்லையென்றால் முன்விளிம்பு மேலே ஏறி இரண்டு பக்கமும் பிரிந்து திறக்கும். ‘தொப்பையை உள்ளே இழுங்க சார்’ என்று சொல்லி அளவெடுங்கள். அவரும் இழுப்பார். ரிசப்ஷன் முடிகிறவரை இழுத்துக்கொண்டே நிற்பது அவர் பொறுப்பு.

பேண்ட் பாக்கெட்டில் செல்போனும் சாவியும் பர்ஸும் இருக்கும்போதே இடுப்பும் சீட்டும் எடுங்கள். எடுக்கச் சொல்வது மரியாதைக் குறைவு.

6. துணி கேட்பதைக் காது கொடுத்துக் கேட்காதீர்கள்

பாரிமுனை கோடவுன் தெருவுக்குப் போங்கள், பளபளப்பாக இருப்பதை வாங்குங்கள். கம்பளி அயர்னுக்குப் பணிந்து வளையும், சுருங்கச் சொன்னால் சுருங்கும், இழுத்தால் நீளும். பாலியஸ்டர் கலந்தது லேசில் மசியாது. கற்றுக்கொள்கிறவர் மசியாத துணியில்தான் தொடங்க வேண்டும். தோல்வி முழுவதற்கும் துணியைக் காரணம் காட்டலாம்.

வெல்வெட் என்றால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும் என்பார்கள். இடது பாகத்தைத் தலைகீழாக வெட்டுங்கள், கால் மீட்டர் மிச்சம். மேடை விளக்கில் பாதி மாப்பிள்ளை கறுப்பாகவும் பாதி மாப்பிள்ளை சாம்பலாகவும் தெரிவார். (வெல்வெட் கோட்டுக்கு அதுவே சரியான தண்டனை என்பது என் சொந்தக் கருத்து.)

வைகாசி முகூர்த்தமா? உள்ளே முழு பாலியஸ்டர் லைனிங் கொடுங்கள். பாதி லைனிங் கொடுத்தால் காற்று போகும், ஆனால் உள்தையல் வெளியே தெரியும். உங்கள் உள்தையலை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

7. காடாத்துணியில் வெட்டிப் பார்க்காதீர்கள்

மலிவான காடாவில் முதலில் ஒரு கோட்டு வெட்டி, கையால் ஓட்டுத் தையல் போட்டு, ஆள் மேல் மாட்டி, கரியால் கோடு போட்டுத் திருத்திய பிறகே நல்ல துணியைத் தொடுகிறவர்கள் உண்டு. பயந்தாங்கொள்ளிகள்.

8. கேன்வாஸா, பசையா

கோட்டின் நெஞ்சுக்குள் குதிரைமயிர் கலந்த கேன்வாஸ் வைத்து, லேப்பலை விரல் மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டே நூற்றுக்கணக்கான சிறு தையல்களால் இணைப்பது பழைய முறை. சுருட்டிப் பிடிப்பதால் கேன்வாஸுக்கு அடியில் இருக்கும் துணி ஒரு மயிரளவு குறைந்து, லேப்பல் தானாகவே மடிந்து உருளும். அயர்ன் போட்டு மடித்த லேப்பலுக்கு அந்த உருளல் வராது. ஒரு பக்கத்துக்கே அரை நாள் போகும். உங்களிடம் அரை நாள் இல்லை. தீபாவளி வருகிறது.

ஆகவே பசை. ஃபியூசிங் துணியை ஒட்டும் கம்பெனி இயந்திரம் பொதுவாக 130 முதல் 150 டிகிரி சூட்டில், குறித்த விநாடிகள், எங்கும் ஒரே அழுத்தம் கொடுத்து ஒட்டும். உங்களிடம் இருப்பது வீட்டு அயர்ன் பாக்ஸ். நடுவில் ஒரு சூடு, முனையில் ஒரு சூடு. அழுத்தம் உங்கள் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. தாராளமாக ஒட்டுங்கள். முதல் டிரை கிளீனிங்கில் நெஞ்சில் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம் எழும்பும். அதற்குள் உங்கள் பொறுப்பு முடிந்து டிரை கிளீனர் பொறுப்பு தொடங்கியிருக்கும்.

கேன்வாஸ்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் வையுங்கள். தண்ணீரில் நனைத்துச் சுருங்கவிடாமல் வையுங்கள். பிறகு அது உள்ளேயே சுருங்கிக்கொள்ளும்.

9. அயர்னைக் கடைசிக்கு வையுங்கள்

ஒவ்வொரு தையலுக்கும் அயர்ன், பிரித்து ஒரு அயர்ன், திணித்த மெத்தை மேல் வைத்து வளைவுக்கு ஒரு அயர்ன் என்று பெரிய மாஸ்டர்கள் தைக்கும் நேரத்தைவிட அதிக நேரம் மேஜையில் நிற்பார்கள். பேண்டின் பின் உள்தொடையை ஈரம் தெளித்து இழுத்தே உருவம் கொண்டுவருவார்கள். நீங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். நேராக, தட்டையாக. மனித உடம்பில் எங்கேயும் வளைவு இல்லை என்ற நம்பிக்கையோடு.

10. கைக்குழியை ஆழமாகத் தோண்டுங்கள்

இதுதான் இந்தப் படிப்பின் உச்சம், கொஞ்சம் நின்று படியுங்கள்.

கை தாராளமாகத் தூக்க வேண்டுமென்றால் கைக்குழி பெரிதாக இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எல்லோருக்கும் தோன்றும். உண்மை நேரெதிர். கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக உயர்ந்திருந்தால் கை மட்டும் தனியாகத் தூக்கும், கோட்டு இருந்த இடத்தில் இருக்கும். குழி கீழே இறங்கினால் கையும் இடுப்பும் ஒரே கயிற்றில் கட்டியதாகிவிடும். கையைத் தூக்கினால் கோட்டு முழுவதும் காதுவரை கூடவே ஏறும்.

நம் ஊரில் ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளை முதலில் செய்வது என்ன? மாலையைப் பெண் தலைக்கு மேல் தூக்குவது. பெண்ணின் கொண்டைக்கும் பூவுக்கும் சேர்த்து இன்னும் தூக்குவது. புகைப்படக்காரர் ‘ஒன் மோர் சார்’ என்று சொல்ல, தூக்கியபடியே நிற்பது. லண்டன் சூட்டுக்கு இப்படி ஒரு பரீட்சை கிடையாது. ஆகவே குழியை அரை இஞ்ச் கீழே தோண்டுங்கள். ‘கொஞ்சம் பிடிக்குது’ என்று அவர் சொன்னால் இன்னும் அரை இஞ்ச். இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்று ஆராயாதீர்கள். முதுகுக் குறுக்களவாக இருக்கும், விடுங்கள்.

கையைப் பொருத்துவது அடுத்தது. கையின் மேல்வளைவைக் குழியின் சுற்றளவைவிட ஒன்று முதல் இரண்டு இஞ்ச் வரை அதிகமாக வெட்டியிருப்பார்கள். அந்த மிச்சத்தை ஓட்டு நூலால் கூட்டி, ஆவியில் சுருக்கி, சுருக்கம் தெரியாமல் குழிக்குள் உட்கார வைப்பதில்தான் தோளின் உருண்டை இருக்கிறது. உங்களுக்கு எளிய வழி: மிச்சத்தை வெட்டி எறியுங்கள். இரண்டு சுற்றும் சமம், கணக்கு சரி. தோள் சட்டை ஹேங்கரில் மாட்டியதுபோல் விழுந்தால் அதற்குத்தானே தோள் பஞ்சு விற்கிறார்கள்.

எல்லோருடைய கையும் சற்று முன்னோக்கித் தொங்கும், அதற்கேற்பக் கையைத் திருப்பிப் பொருத்த வேண்டும் என்பதையும் மறந்துவிடுங்கள். இடது கையை வலது குழியில் வைத்துவிடாமல் இருந்தால் அன்றைக்கு அதுவே சாதனை.

11. ட்ரையலை ஒழியுங்கள்

லண்டன் சேவில் ரோ தையற்காரர்கள் 2004-இல் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை வேண்டும் என்பது அவர்கள் விதி. ஓட்டுத் தையலோடு ஒரு தடவை, பாதி முடிந்ததும் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை என்று ஆளை வரவழைப்பார்கள். அவர்கள் கடை வாசலில் பூந்தமல்லி டிராபிக் கிடையாது. உங்கள் வாடிக்கையாளர் மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஒரு தடவை வந்து போவதே பெரிது.

தவிர்க்க முடியாமல் வந்துவிட்டால், கண்ணாடி முன் அட்டென்ஷனில் நிறுத்துங்கள். நிற்கும் உடம்புக்கு எந்தக் கோட்டும் பொருந்தும். பின்வருவனவற்றைச் செய்ய விடாதீர்கள்:

காலில் விழுந்து எழுவது. பேண்டின் பின்பாகச் சாய்வு நிமிர்ந்திருந்தால் நிற்கும்போது சுருக்கமில்லாமல் அழகாக விழும், குனிந்தால் நீளம் போதாது. சாய்வைக் கூட்டினால் குனிய வசதி, நிற்கும்போது தொடைக்குப் பின்னால் கொஞ்சம் மடிப்பு. இந்தப் பேரத்தை ஆளுக்கு ஆள் முடித்துக்கொடுப்பதுதான் மாஸ்டரின் வேலை. நீங்கள் நிற்பதற்கு மட்டும் வெட்டுங்கள். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு எத்தனை பெரியவர்கள் காலில் விழ வேண்டும் என்று கேட்காதீர்கள். பெரிய குடும்பம் என்றால் எண்ணிக்கை மனதைக் கலக்கும்.

பைக்கில் உட்காருவது. பந்தியில் இலைக்கு முன்னால் குனிவது. குழந்தையைத் தூக்குவது. தங்கை மகன் ‘மாமா’ என்று ஓடி வரும்போது எந்த மாமாவும் கைக்குழியை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

12. உள்ளே துணி விடாதீர்கள்

சீட் தையலில் ஒன்றரை இஞ்ச், முதுகில் ஒரு இஞ்ச் உள்ளே விட்டு வைப்பது பழைய ஆட்களின் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு போடும், பிரித்துத் தைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நீங்கள் விளிம்போடு வெட்டி ஓவர்லாக் அடித்துவிடுங்கள். பிரிக்க முடியாதபடி சிறு தையலாக, இரண்டு ஓட்டு. தைத்ததைப் பிரிக்கத் தெரிவதற்குப் பெயர்தான் மேல்படிப்பு என்று அந்த ஆவடிப் பெரியவர் சொல்லக்கூடும். அவரிடம்தான் நீங்கள் பேசவில்லையே.

13. டெலிவரி

மண்டபத்தில் கொடுங்கள். மணமகன் அறையில், நாதஸ்வரம் தொடங்கிய பிறகு. கடையில் கொடுத்தால் போட்டுப் பார்ப்பார். பட்டனை நீங்களே போட்டுவிடுங்கள், கீழ்ப் பட்டனையும் சேர்த்து. காலர் விலகி நிற்கும் இடத்தில் மாலை வந்து உட்காரும், அதுவரை ஒரு துண்டைப் போர்த்தி வையுங்கள். இரண்டு அடி தள்ளி நின்று ‘சூப்பர் சார்’ என்று சொல்லுங்கள். மாமா யாராவது ‘முதுகுல ஏதோ இழுக்குதே’ என்றால், ‘இப்போ இதான் ஸ்லிம் ஃபிட், அண்ணே’ என்று சொல்லி அவருக்கும் ஒரு கோட்டுக்கு அளவெடுக்கத் தொடங்குங்கள்.

மாப்பிள்ளை மேடை ஏறியதும் பாக்கிப் பணத்தை முன்வரிசையில் இருப்பவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். மேடைக்குப் பின்னால் நிற்கிற வீடியோக்காரர் பக்கம் போகாதீர்கள், அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாலை தட்டில் வருகிறது. சாப்பாட்டை விட்டுவிடுங்கள், வண்டி சாவி எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.